இடப்பக்கத்து மூக்குத்தி

அத்தியாயம் 14

வீட்டில் ஒரு சாவு விழுந்ததை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இரண்டரை வருடம் சோறாக்கி, குழம்பு வைத்து, தீபாவளிக்கு முறுக்கும் சுட முடியுமா? முடியும் போலிருக்கிறது. சூலூரில் நம்முடைய நந்திதா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. நந்திதாவும் வினோதினியும் இரட்டைப் பிள்ளைகள். இருபது வயதில் வினோதினி தனக்குப் பிடித்த கிருபாசங்கரைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். அப்பா அங்கப்பன் அன்றே அவளுடைய போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டார். அவள் பேரைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டரை வருடத்துக்கு முன் கிருபாசங்கர் போன் செய்து, வினோதினி இறந்துவிட்டாள், காரியமும் முடிந்தது என்று நந்திதாவிடம் மட்டும் சொன்னான்.

அப்போது அங்கப்பன் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். அம்மா குழந்தையம்மாள் ராப்பகலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்தில் இதையும் சொல்வதா என்று நந்திதா தள்ளிப் போட்டாள். ஒரு நாள் தள்ளியது ஒரு மாதமாகி, அது வருடமாகிவிட்டது. ஆறு மாதம் முன்பு அங்கப்பனும் போய்ச் சேர்ந்தார். அம்மா மகள் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"இனி யாரு கண்ணு தடுக்கறது? வினோவைத் தேடிப் பாக்கலாமா?"

இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரமாவது மூச்சு விடட்டும் என்றுதான், கணவன் சுரேந்தர் அவளைப் போத்தனூரில் சஃபியா டீச்சரின் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டான். இதுவரை பானை, பூசணிக்காய், செம்பருத்தி என்று சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆளுக்கொரு கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு அவங்கவங்க மொகத்தை அவங்கவங்களே வரையணும்" என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். கண்ணாடி இடம் வலம் மாத்தித்தான் காட்டும். அது எப்படிக் காட்டுதோ அப்படியே வரைங்க. நடுவுல திருத்தப் போனா மொகம் கோணிக்கும்."

நந்திதா கையிலிருந்த கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்தாள். கண்ணாடி பார்ப்பதை அவள் விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. தலை சீவுவது கைப்பழக்கம். பொட்டு விரல் வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக்குள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத்தான் தெரியுமே, அதை எதற்குப் போய்ப் பார்ப்பது?

ஆனால் மற்ற ஐந்து பேரும் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். இவள் மட்டும் எழுந்து போனால் நன்றாகவா இருக்கும்? கண்ணாடியை நிமிர்த்தினாள். மூக்குக்கண்ணாடி வெளிச்சத்தில் பளபளத்ததால் கழற்றி வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிடச் சொன்னார் டீச்சர், அவிழ்த்தாள். நெற்றி ஓரத்து நரை தோளில் விழுந்தது. பென்சிலை எடுத்தாள்.

தாடையும் புருவமும் வந்துவிட்டன. கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்ததையும் பொய் சொல்லாமல் வரைந்தாள். மூக்கு வந்ததும் கை நின்றது.

"என்னங்க நந்திதா, மூக்கைச் சுத்திச் சுத்தி வாரீங்க. மூக்குத்தியை வைக்க மாட்டேங்கறீங்க?"

"எனக்கு வலது பக்கமுங்க டீச்சர். இதுல இடது மூக்குல வருதுங்க."

"அதான் சொன்னேனே. கண்ணாடி எங்கே காட்டுதோ அங்கேயே வைங்க."

டீச்சருக்கு அது சின்ன விஷயம். அங்கப்பன் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் இருவரும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சாயல். ஒரு தடவை காய்ச்சல் மருந்தை நந்திதாவுக்கே இரண்டு வேளை ஊற்றிவிட்டு, வினோதினியை மருந்தே இல்லாமல் தூங்கவைத்துவிட்டாள் குழந்தையம்மாள். அதிலிருந்து அவளுக்கு ஒரே பயம். குலதெய்வம் கோயிலில் காது குத்தும்போது, ஆசாரியிடம் மூக்கையும் சேர்த்துக் குத்தச் சொல்லிவிட்டாள். மூத்தவளுக்கு வலது, இளையவளுக்கு இடது. இடது மூக்கில் குத்துவது நம் பக்கம் வழக்கமில்லையே என்று ஒறம்பரைச் சொந்தங்கள் முணுமுணுத்தார்கள். "என்ற புள்ள எதுன்னு எனக்குத் தெரியோணும், வழக்கத்தைத் தூக்கி உடப்புல போடுங்க" என்றாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் முதலில் மூக்கைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நந்திதா மூக்குத்தியை இடது மூக்கில் வைத்தாள். ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். காகிதத்திலிருந்து வினோதினி அவளைப் பார்த்தாள். நாற்பத்தொரு வயது வினோதினி. நரைத்த முடியோடு, கண்ணாடி போடாமல், இருபத்தொரு வருடமாகப் பார்க்காத வினோதினி.

அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. சஃபியா டீச்சர் என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அழுதுட்டே வரைங்க, பரவால்லே. ரப்பரை மட்டும் எடுக்காதீங்க" என்றார்.

சூலூர் வந்து சேரும்போது மதியம் ஒன்றரை. சுருட்டிய படத்தைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, தூறல் விழுகிறதே என்று மாடிக்குத் துணி எடுக்க ஓடினாள். பாருங்கள், நமக்கு நேரம் சரியில்லை என்றால் தூறல்கூட நமக்கு எதிராகத்தான் போடும். கை நிறையத் துணியோடு அவள் இறங்கி வந்தபோது, குழந்தையம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் படம் விரிந்து கிடந்தது.

"எங்கே கண்ணு பாத்தே இவளை?"

நந்திதாவுக்குப் புரியவே ஒரு நிமிடம் பிடித்தது.

"கள்ளி! ஞாயித்துக்கெழமையானா வகுப்பு வகுப்புன்னு ஓடுனது இதுக்குத்தானா? போத்தனூர்லயா இருக்கறா? இத்தனை கிட்டத்துலயா?"

"அம்மா, அது வந்துங்க..."

"பயப்படாதே அம்மணி. உங்கப்பன் இல்லை, இனி யாரு கேக்கப் போறா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அம்மா விரல் நுனியால் காகிதத்தைத் தடவினாள். "முடி நரைச்சுப்போச்சே என்ற சாமிக்கு. கண்ணுக்குக் கீழே பாரு, எப்பிடிக் கருத்துக் கெடக்குது. தூக்கமே இல்லாம இருக்கறா. என்ன கஷ்டமோ, யாருகிட்டச் சொல்லுவா?"

நந்திதாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கண் ஆறு மாதமாக அம்மாவின் எதிரில்தான் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறது. ஒரு நாளும் அம்மா அதைக் கவனித்ததில்லை. இப்போது வினோதினியின் கண் என்று நினைத்ததும் தூக்கமில்லாதது தெரிகிறது. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுகிறோமே, சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"ஏன் கண்ணு, என்ற மேல கோவமா இருக்கறாளா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா கேட்ட விதம் அப்படி. எழுபது வயதுக்காரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். நந்திதாவின் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா."

போதாதா? குழந்தையம்மாள் மகளைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தாள். முழங்கால் வலி என்று காலையிலிருந்து படுத்திருந்தவள் விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள். "வினோவுக்குச் சந்தகைன்னா உசுரு. தேங்காப்பால் ஊத்துனா எட்டுச் சுத்து திம்பா" என்று அங்கிருந்தே குரல் வந்தது. புழுங்கலரிசியை ஊறப்போடும் சத்தமும் கேட்டது.

சுரேந்தர் மூன்று மணிக்குத் தறிக்கொட்டகையிலிருந்து சாப்பிட வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் எதிரில் வந்து நின்றாள்.

"சந்தோஷ சமாச்சாரமுங்க மாப்பிள்ளை! நம்ம வினோ கெடைச்சுட்டா. போத்தனூர்லதான் இருக்கறாளாமா. உங்க ஊட்டுக்காரி நம்மளுக்குத் தெரியாமயே போய்ப் பாத்துட்டு வந்திருக்கறா!"

அவன் மனைவியைப் பார்த்தான். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். "அப்பிடீங்களா அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவப் போகிறவன்போல் பின்பக்கம் நடந்தான். நந்திதா பின்னாலேயே போனாள்.

"என்ன செஞ்சுபோட்டே நந்து?"

"நான் ஒண்ணும் செய்யலீங்க. என்ற மொகத்தைத்தான் வரஞ்சேன்." குழாயடியில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இன்னைக்குச் சொல்லாம உட்டா உங்கம்மா நாளைக்குக் காலையில பஸ் ஏறிப் போத்தனூருக்கே போயிருவாங்க. ஊடு ஊடா ஏறி எறங்குவாங்க. நான் வேணா சொல்லட்டா?"

"வேண்டாமுங்க. மறைச்சது நானு. நானே சொல்றேன்."

சொல்வேன் என்று சொல்வது எளிது. அம்மா அரைத்து, அவித்து, அச்சில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது நந்திதா பக்கத்தில் நின்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றும் விழும்போது இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அம்மா ஏதாவது கேட்டுவிடுவாள். அவ ஊட்டுக்காரன் நல்லா வெச்சிருக்கறானா? இப்பவும் தலைவலி வருதா அவளுக்கு? நந்திதா "ம்" கொட்டினாள். ஐந்து மணிக்கு அம்மா தூக்குப்போசியை மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"சூடு ஆறங்குள்ளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா கண்ணு. நானும் வாரேன்னு சொன்னா மாட்டேன்னு சொல்லுவாளோ என்னமோ. முதல்ல இது போகட்டும். பொறகு என்னையக் கூட்டிட்டுப் போ."

இதற்கு மேல் போனால் அது பாவம் என்று நந்திதாவுக்குத் தோன்றியது. போசியைக் கீழே வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துப் படுக்கையறைப் பீரோவின் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்தாள். படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடிக்குள்ளே பாருங்கம்மா. என்ற மூக்குத்தி எந்தப் பக்கம் தெரியுது?"

குழந்தையம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்பி மகளின் மூக்கைப் பார்த்தாள். இப்படியே மூன்று தடவை பார்த்தாள்.

"இது நீயா?"

"நானுங்கம்மா. கண்ணாடியைப் பாத்து வரையச் சொன்னாங்க. அது மாத்திக் காட்டும். இது வினோ இல்லீங்க."

"அப்ப நீ அவளைப் பாக்கலை."

"இல்லீங்கம்மா."

அம்மா ஏமாற்றத்தை எச்சில் மாதிரி விழுங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, படத்தை வாங்கி மறுபடி உற்றுப் பார்த்தாள். நந்திதாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அப்ப இந்தக் கண்ணு உன்றதா? நீ ஏன் கண்ணு தூங்கறதில்லை?"

ஆறு மாதம் கழித்துக் கேட்ட கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"வினோ இல்லீங்கம்மா. போயிட்டாளுங்க. ரெண்டரை வருசமாச்சு."

சுரேந்தர் வாசற்படியில் வந்து நின்றான். குழந்தையம்மாள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். காது கேட்காதவள்போலக் கொஞ்ச நேரம் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நோவு?"

"மாருல கட்டிங்கம்மா."

"வலிச்சிருக்குமே கண்ணு. யாரு கூட இருந்தா?"

"அவங்க ஊட்டுக்காரர்தானுங்க. கடைசி வரைக்கும் அவருதான் பாத்துக்கிட்டாராமா."

"என்னையக் கேட்டாளாமா?"

வினோதினி கேட்டிருந்தாள். கிருபாசங்கர் சொன்னான். அதை மட்டும் இன்றைக்கு வேண்டாம் என்று நந்திதா தலையைக் குனிந்துகொண்டாள். தலை குனிந்தது போதாதா? பெற்றவளுக்குப் புரிந்துவிட்டது.

சுரேந்தருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆம்பிளைகள் இந்த மாதிரி நேரத்தில் முறையைப் பிடித்துக்கொள்வார்கள். "அத்தை, சேதி எப்பக் கேட்டாலும் தலைக்கு ஊத்திக்கறது வழக்கமுங்க. வெந்நீர் வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றான்.

"அது அப்பவே ஆச்சுங்க மாப்பிள்ளை" என்றாள் குழந்தையம்மாள். "அவ ஓசூருக்குப் போன மக்யா நாள் விடிஞ்சதும் உங்க மாமன் என்னையக் கெணத்தடியில உக்கார வெச்சு, மூணு கொடம் தண்ணி ஊத்த வெச்சாருங்க. அவ செத்துட்டான்னு நெனச்சுக்கோன்னாரு. நானும் நெனச்சுட்டு முழுகுனேனுங்க. உசுரோட இருந்த புள்ளைக்கு முழுகுனவ நானு. இப்பச் செத்த புள்ளைக்கு எந்தத் தண்ணியை ஊத்திக்கறது, சொல்லுங்க?"



அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. மாரில் அடித்துக்கொண்டு, "என்ற வினோ, என்ற சாமி" என்று வீதிக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. யார் பார்த்தால் என்ன? நந்திதாவும் அவள் மடியில் விழுந்து அழுதாள். கூடப் பிறந்தவளுக்காக அவளும் இன்றுதான் வாய்விட்டு அழுகிறாள். இரண்டரை வருடமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததெல்லாம் கணக்கிலேயே சேராது.

அழுது ஓய்ந்தபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"இத்தனை நாளு என்ற கூடவே உக்காந்து சோறு தின்னியே, ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா உனக்கு? நான் தேடலாம் தேடலாம்னு பொலம்புனேனே, பாத்துட்டு இருந்தியே!"

"தப்புத்தானுங்கம்மா. நீங்க தேடலாம்னு சொல்றப்பவெல்லாம், அவ எங்கியோ இருக்கற மாதிரி எனக்கும் இருந்துச்சுங்க. அதை விட மனசு வரலைங்க."

குழந்தையம்மாள் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"புள்ளைக?"

"ஒரு பொண்ணுங்க. லாஸ்யான்னு பேரு. பதினேழு வயசு."

"போய்ப் பாத்தியா?"

"இல்லீங்கம்மா."

"ஏன் போகலை? அம்மா இல்லாத புள்ள, பெரியம்மா நீ இருக்கறே, ஏன் போகலை?"

"எந்த மொகத்தோட போறதுங்கம்மா?" நந்திதா படத்தைக் காட்டினாள். "பெத்த உங்களுக்கே இது அவளாத் தெரிஞ்சுது. அந்தப் புள்ள கதவைத் தொறந்தா அவங்கம்மாவே வந்து நிக்கற மாதிரி இருக்காதா? ரெட்டைப் புள்ளைகன்னே அதுகிட்டச் சொல்லலையாமா. கொஞ்ச நாள் போகட்டும்னாரு அவங்கப்பா. நானும் உட்டுட்டேன்."

அம்மா யோசித்தாள். அவள் யோசிப்பதை நந்திதா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மகளை இழந்த அதே பொழுதில் ஒரு பேத்தி இருக்கிறாள் என்று தெரிந்த முகம் அது. அழுகைக்கு நடுவில் அவசரம் வந்திருந்தது.

"மொகத்தைக் காட்ட வேண்டாம். போன் போடு. வினோ ஊட்டுக்காரனே எடுக்கட்டும். எனக்கு அந்தப் புள்ள கொரலை மட்டும் ஒருக்காக் கேக்கோணும். ஹலோன்னு சொல்லட்டும், போதும். வெச்சுரலாம்."

போன் என்றால் வம்பில்லை என்று சுரேந்தரும் சொன்னான். நந்திதாவுக்கும் அது சரியென்றே பட்டது. கிருபாசங்கரின் எண்ணை இரண்டரை வருடத்தில் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறாள். இன்று அழுத்திவிட்டாள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஹலோ, அப்பா மார்க்கெட் போயிருக்காங்க. போனை ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க. யாருங்க?"

குழந்தையம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபாசங்கரிடம் பேச என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நந்திதாவுக்கு மறந்துவிட்டன. எதிரில் ஒரு பிள்ளை. பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

"கண்ணு, லாஸ்யாவா? நான் சூலூர்ல இருந்து..."

எதிர்ப்பக்கம் குக்கர் அடுத்த விசிலும் அடித்து முடிந்தது. முகத்தைப் பற்றியே பயந்துகொண்டிருந்த நந்திதா, குரலைப் பற்றி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் குரலும் ஒன்றுதான்.

"அம்மா?" என்றது அந்தப் பிள்ளை. மெதுவாக, பயந்துகொண்டு கேட்டது. பிறகு தொண்டை உடைந்து, "அம்மா, நீங்களா?" என்றது.

நான் அவள் இல்லை என்று, ஒரே நாளில் இரண்டாவது தடவையாக நந்திதா சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தாள்.